கால் ஆணியும் காலணியும்

ஊரில் இருந்தவரை செருப்போடு காற்றாட நடந்து பழகிய கால்கள் நம்முடையவை. உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கோ லக்னோவுக்கோ வந்து குடியேறினால், முதற் குளிர்காலத்திலேயே அவை காலுறைக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. சில மாதங்களில் சுண்டுவிரலின் மேல் மிளகளவில் ஒரு தடிப்பு தோன்றுகிறது. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் சுருக்கென்று வலிக்கிறது.

தமிழில் இதைக் கால் ஆணி என்கிறோம். இந்தியில் ‘கோக்ரு’ என்பார்கள். அது நெருஞ்சி முள்ளின் பெயர். இரு பெயர்களுமே, வெளியிலிருந்து ஏதோ தைத்துவிட்டது போலவும், பிடுங்கி எறிந்தால் தீர்ந்துவிடும் என்பது போலவும் எண்ணச் செய்கின்றன. உண்மை அதுவன்று. ஓரிடத்தில் இடைவிடாத அழுத்தமும் உராய்வும் நேரும்போது, உடல் தன்னைக் காத்துக்கொள்ளவே அங்கே தோலைத் தடிக்கச் செய்கிறது. அழுத்தம் பரவலாக இருந்தால் அது காய்ப்பு. ஒரு புள்ளியில் குவிந்தால், கூம்பு போல் உள்நோக்கி இறுகி ஆணியாகிறது. அதற்கு வேர் கிடையாது. ஆகவே, அழுத்தும் காலணி மாறாதவரை, செதுக்கச் செதுக்க ஆணி மீண்டும் வளரும். நாமும் இரண்டு குளிர்காலங்கள் சவரப் பிளேடோடு போராடிய பின்னரே இதனை உணர்ந்தோம்.

வீட்டிலேயே செய்யத்தக்க சிகிச்சை எளியது. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, படிகக் கல்லால் அன்று, நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, பின்னர் ஈரம் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுக. ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயலலாகாது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் உண்டு. அது தடித்த தோலைக் கரைப்பது போலவே நல்ல தோலையும் அரிக்கும். எனவே ஆணியின் அளவுக்கு மேல் படலாகாது.

உள்ளங்காலில் வைரஸினால் தோன்றும் மருவையும் சிலர் ஆணி என்று கருதிவிடுவதுண்டு. நேரே அழுத்தினால் மிகுதியாக வலிப்பது ஆணி. இருபுறமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பதும், கரும்புள்ளிகள் தென்படுவதும் பெரும்பாலும் மரு. ஐயமிருப்பின் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

நீரிழிவு உள்ளவர்களும், பாதத்தில் உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களும் பிளேடையும் பிளாஸ்திரியையும் தொடவே கூடாது. நம் நண்பர் ஒருவர் நீரிழிவு உடையவர். ஒரு ஞாயிறன்று தாமே ஆணியைச் செதுக்கினார். வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறாமல் சீழ்கொண்டு, இறுதியில் ஒரு விரலையே இழந்தார். அதே ஆணியை வைத்தியர் சுத்தமான கருவி கொண்டு சில நிமிடங்களில் வலியின்றிச் சீவியிருப்பார்.

இனி, காலணியை மாலை வேளையில் வாங்குக. பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்றே வீங்கியிருக்கும். காலுறை அணிந்து, நின்றபடியே அளவு பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலமேனும் இடம் இருக்கட்டும். முனை கூர்மையாக இராமல் அகன்றிருக்கட்டும். அழுத்தம் நீங்கிய சில வாரங்களில் ஆணி தானே தேயத் தொடங்கும். பாதத்துக்கேற்ற காலணியைத் தேடுவோம். காலணிக்கேற்பப் பாதத்தை வருத்த வேண்டாம்.