இரணைமடுவில் இப்போது எத்தனை பேர்?

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் பார்க்கச் சனம் திரளும். எத்தனை மலசலகூடம், எத்தனை குப்பைத்தொட்டி வேண்டும்? வருவோரை எண்ணினால்தான் தெரியும்.

எப்படி எண்ணுவது? வழியின் ஒரு பக்கம் அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் கருவி, எதிரே அதை வாங்கும் கருவி. ஆள் மறைத்தால் கணக்கில் ஒன்று கூடும். அடுத்தடுத்து இரண்டு கதிர்கள் இருந்தால், எது முதலில் மறைந்தது என்பதை வைத்து வந்தவரையும் போனவரையும் பிரிக்கலாம். கழித்தால் உள்ளே நிற்பவர் தொகை. தாயும் அவர் இடுப்பில் இருக்கும் பிள்ளையும் ஒன்றாகவே பதிவாகும். ஆகவே இடையிடையே ஆள் நின்று எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

நாள் மொத்தத்தைவிட மணித்தியாலக் கணக்கே முக்கியம். ஆயிரம் பேர் பகல் முழுக்க வந்துபோவது வேறு, மாலை 5 மணிக்கு ஒன்றாய்க் குவிவது வேறு. சதுர மீற்றருக்கு 5 பேரைத் தாண்டினால் நெரிசல் உயிராபத்தாகலாம். கருவிக்குக் காசில்லையா? ஒரு கொப்பியோடு இரண்டு இளைஞரை நிறுத்தி, பிரதேச சபை இந்த மாரியிலேயே தொடங்கட்டும்.