வீடும் வழிபாடும்: ஒன்டாரியோவின் குழு இல்லங்கள்

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளோடு பிறந்த பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது பெற்றோர் எழுபதைத் தொட்டிருப்பார்கள். தங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை அவர்களைத் தூங்கவிடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று குழு இல்லம். மற்ற வீடுகள் இருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டை எடுத்து, சிலரை அதில் குடிவைக்கிறார்கள். பணியாளர்கள் இரவும் பகலும் முறைவைத்து உடனிருக்கிறார்கள். செலவின் பெரும்பகுதியை மாகாண அரசு ஏற்கிறது. நடத்துவது பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகள்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு இருந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரிலியா என்ற ஊரில் 1876-இல் அரசு ஒரு காப்பகம் தொடங்கியது. பிற்காலத்தில் ஹுரோனியா மண்டல மையம் என்று பெயர் மாறிய இடம் அது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மறந்துவிடுமாறு மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை சொன்ன காலமும் உண்டு. 1960 ஜனவரியில் பத்திரிகையாளர் பியர் பெர்ட்டன் அங்கே போய்ப் பார்த்து, நெருக்கியடித்துக் கிடந்த படுக்கைகளையும் பாழடைந்த கட்டடங்களையும் பற்றி டொரன்டோ ஸ்டார் நாளிதழில் எழுதினார். அப்போது அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 2,800 பேர். அந்தக் காப்பகத்தின் இடுகாட்டில் பல கல்லறைகளில் பெயர் கிடையாது. எண் மட்டும் பொறித்த கற்கள்தான். என்ன மதம், எந்தக் குடும்பம், என்ன மொழி பேசியவர் என்பதெல்லாம் அந்த எண்ணோடு மறைந்துபோயின.

பெர்ட்டன் எழுதி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2009-இல்தான் ஹுரோனியா மூடப்பட்டது. அங்கே வாழ்ந்து மீண்டவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2013 டிசம்பரில் மாகாண முதல்வர் கேத்லீன் வின் சட்டமன்றத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஹுரோனியா மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 2008-இல், வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களைச் சமூகத்தோடு இணைக்கும் நோக்கில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு. கனடா அதை 2010-இல் ஏற்றது.

சட்டம் வரும்வரை எல்லாப் பெற்றோரும் காத்திருக்கவில்லை. டொரன்டோ வட்டாரத்து யூதப் பெற்றோர் சிலர், காப்பகத்துக்கு மாற்றாகத் தங்கள் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும் என்று முனைந்து 1973-இல் ரீனா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யூதப் பண்பாட்டின் அடிப்படையில் இயங்கினாலும், அது பிற சமயத்தவருக்கும் ஆதரவு தருகிறது. பிள்ளைக்குக் கூரையும் சோறும் கிடைத்தால் போதும் என்று அந்தப் பெற்றோர் நினைக்கவில்லை. வீட்டில் எந்த முறைப்படி வளர்ந்தானோ, அந்த முறை போகிற இடத்திலும் தொடர வேண்டும் என்று விரும்பினார்கள்.

அந்த விருப்பம் அடுக்களையில் தொடங்குகிறது. யூத உணவு நெறியில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி; வசதியுள்ள இடங்களில் கழுவும் தொட்டிகூடத் தனி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையல் முடிந்து, மெழுகுவத்தி ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அப்போதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள்; அந்த நேரத்தில், நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் விளக்கின் ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார்கள். விளக்குகளை டைமர் பார்த்துக்கொள்ளும். உணவு முன்பே மூட்டிய அடுப்பின் மேல் சூடாக இருக்கும். பேச்சு வராத ஒருவருக்குக்கூட, மெழுகுவத்தி எடுத்துவைக்கப்படுவதையும் மேசையில் ரொட்டி மூடிவைக்கப்படுவதையும் பார்த்தாலே இன்று என்ன நாள் என்று தெரிந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் தவிப்பவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் பலர். வாரம் தவறாமல் அதே வரிசையில் வரும் சடங்கு அவர்களுக்குத் தரும் நிம்மதி சிறிதல்ல.

இத்தகைய இல்லங்களின் பணியாளர்களில் பலர் வேறு சமயத்தவர். எந்தக் கரண்டி எதற்கு, எந்த நாளில் எதைச் செய்யக்கூடாது என்பதை, மருந்து கொடுக்கும் முறையைக் கற்றுக்கொள்வதுபோல அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமயத்துக்கும் மருத்துவத்துக்கும் மோதல் வரும் இடமும் உண்டு: நோன்பு. வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. உயிரைக் காப்பது ஓய்வுநாள், நோன்பு விதிகளுக்கும் மேலானது என்பது யூத நெறி. ரமலான் நோன்பிலிருந்து நோயாளிகளுக்கு விலக்குத் தருகிறது இஸ்லாம். எனவே அந்தந்தச் சமயப் பெரியவரையும் மருத்துவரையும் முன்கூட்டியே கலந்து எழுதிவைத்துவிட்டால் நோன்பு நாளன்று தடுமாற்றம் இராது. நோன்பு இருக்க முடியாதவரையும் நோன்பு திறக்கும் விருந்தில் மற்றவர்களோடு உட்காரவைப்பதுதான் முறை.

டொரன்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் 1969-இல் தொடங்கிய லார்ஷ் டேபிரேக் வேறொரு வழியில் போனது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்வது லார்ஷின் முறை. கத்தோலிக்கரான ஜான் வானியே 1964-இல் பிரான்சில் தொடங்கிய இயக்கம் அது. டேபிரேக்கைத் தொடங்கிய தம்பதி ஆங்கிலிக்கர்கள் என்பதால், பல சபையினரும் கூடிவாழும் இடமாக அது வளர்ந்தது. 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் லார்ஷ் இல்லம் தொடங்கப்பட்டபோது இந்துக்களும் முஸ்லிம்களும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தார்கள்.

ஆனால் 2020-இலும் 2023-இலும் வெளியான விசாரணை அறிக்கைகள், ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் வானியே பல பெண்களைப் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதை வெளிப்படுத்தின. அவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். விசாரணைக்கு ஏற்பாடு செய்து உண்மையை வெளியிட்டது லார்ஷ் அமைப்பே என்பதையும் சொல்ல வேண்டும். நடத்துபவர் பக்திமான் என்ற நம்பிக்கை ஒருபோதும் மேற்பார்வைக்கு ஈடாகாது. ஒன்டாரியோ விதிகள் பணியாளர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கவும், துன்புறுத்தல் சந்தேகங்களைத் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்துகின்றன.

வழிபாடு யாருடைய விருப்பம் என்பதும் முக்கியம். பெற்றோர் கோயிலுக்குப் போனார்கள் என்பதற்காக, கூட்டத்தின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்ளும் மகனை வாரந்தோறும் இழுத்துப் போவது மரியாதை ஆகாது. பேச்சு வராதவரிடமும் படங்களைக் காட்டிக் கேட்கலாம். எதற்கு முகம் மலர்கிறது, எதற்குச் சுருங்குகிறது என்று குறித்துவைக்கலாம். இல்லத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும் தனி ஆதரவுத் திட்டம் எழுதி ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்பது விதி. பிடிக்காது என்று அவர் காட்டியதும் அதில் ஏற வேண்டும்.

டொரன்டோ வட்டாரத்தில் பெருந்திரளாக வாழும் தமிழர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. "பசிக்குது", "தண்ணி" என்ற சொற்களை மட்டுமே அறிந்த பெண்ணை, அந்தச் சொற்கள் புரியாதவர்களிடம் விடுவதெப்படி? சைவ உணவு, திருநீறு, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடும் பழக்கம் எல்லாம் அங்கே யாருக்குத் தெரியும்? குழு இல்லத்தில் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெற்றோர் நோயுற்ற பிறகு, கிடைத்த இடத்தில் அவசரமாகச் சேர்க்கும்போது இவற்றைக் கேட்கக்கூட ஆள் இருக்காது. ஆகவே பெற்றோர் உடல்நலத்தோடு இருக்கும்போதே காத்திருப்புப் பட்டியலில் பதிய வேண்டும். பிள்ளை என்ன சாப்பிடும், எந்தச் சொல்லால் தண்ணீர் கேட்கும், எந்தப் பாட்டுக்கு அடங்கும், இறந்தால் எந்த முறையில் இறுதிச் சடங்கு என்று ஆங்கிலத்தில் எழுதி, பணியாளர் கையில் கொடுக்கும்படி இன்றே வைத்திருக்க வேண்டும்.