பந்தை யாரிடம் கொடுப்பது? காலி முதல் மண்டைதீவு வரை, தெரியுமா?

ஒரே டெஸ்ட், ஒரே பதினொரு பேர். முதல் இனிங்ஸில் எதிரணியின் பத்து விக்கெட்டும் வேகப்பந்துக்கு, இரண்டாவது இனிங்ஸில் பத்தும் சுழலுக்கு! நடந்த கதைதான். 2021 ஜனவரியில் காலி மைதானத்தில் இங்கிலாந்து செய்து காட்டியது. முதல் இனிங்ஸில் ஜேம்ஸ் அண்டர்சன் 6, மார்க் வூட் 3, சாம் கரன் 1. காலிக்கென்றே கூட்டிவந்த சுழல்பந்துக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இரண்டாவது இனிங்ஸில் டொம் பெஸ் 4, ஜாக் லீச் 4. மிச்சம் இரண்டையும் அணித்தலைவர் ஜோ ரூட் எடுத்தார், அதுவும் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல். டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கிய 1877 முதல் அன்றுவரை எந்த அணிக்கும் இப்படி வாய்த்ததில்லை.

அந்த அண்டர்சன் அதே தொடரின் முதல் டெஸ்டில் விளையாடவே இல்லை, தெரியுமா? அந்த மச்சில் ஸ்டுவர்ட் புரோட் நன்றாகவே பந்து வீசியிருந்தார். இருந்தும் அவரை இருத்திவிட்டு, 38 வயது அண்டர்சனை இறக்கினார்கள். அவர் 29 ஓவர் போட்டார், அதில் 13 ஓவரில் ஓட்டமே இல்லை, 40 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். கொரோனாக் காலம், மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதியில்லை. இந்தத் தொடரைப் பார்ப்பதற்காகவே பத்து மாதம் இலங்கையில் காத்துக் கிடந்த ஓர் இங்கிலாந்துக்காரர், முதல் டெஸ்டைக் கோட்டை மதிலில் ஏறி நின்று பார்த்தார். இதெல்லாம் நம்ப முடிகிறதா?

இலங்கைக்கு விளையாட வருகிற எந்த அணிக்கும் முதல் தலையிடி இதுதான். நாலு பேரோ ஐந்து பேரோ சேர்ந்து இருபது விக்கெட் எடுக்கவேண்டும். தலைவர் கண்ணால் பார்ப்பது முதல் நாள் காலை ஆடுகளத்தை. ஆட்டத்தை முடிப்பதோ அவர் இன்னும் பார்த்திராத நாலாம் நாள் ஆடுகளம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாளில் பெயர் எழுதிக் கொடுத்தாகவேண்டும். "இலங்கையா? சுழல்!" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்களில் பாதிப்பேர் அடிவாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறார்கள்.

அந்த ஆடுகளத்து மண்ணுக்கும் நம் வடக்குக்கும் ஒரு தொடுசல் உண்டென்று தெரியுமா? இலங்கையில் கிரிக்கெட் ஆடுகளம் போடப் பேர்போன களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனில் இருந்து போகிறது! ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துக்கும் களி கொடுத்த அதே ஊர். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் இறுகி வெடிக்கும். உருளையால் அழுத்தி முதல் நாள் கல்லாக வைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏற வெடிப்பு வாய் திறக்கும், மேற்பரப்பு பொடியாகும், பந்து பிடித்துத் திரும்பும். உலகத்துத் துடுப்பாட்டக்காரர்களைக் காலியில் திணறவைத்ததில் வன்னி மண்ணுக்கும் பங்கிருக்கிறது என்றால், சும்மா ஒரு பெருமை வரத்தானே செய்யும்?

பந்தையும் விட்டுவிட முடியாது. இங்கே டெஸ்டுக்குப் பாவிப்பது கூக்கபுரா. அதன் தையலில் வெளி வரிசைகள் இயந்திரத்தில் தைத்தவை, சீக்கிரம் அமுங்கிவிடும். புதுப்பந்து கொஞ்ச ஓவர்தான் காற்றில் வளையும். அதற்குள் எடுப்பதை எடுத்துவிடவேண்டும். பிறகு ஒரு பக்கம் சொரசொரத்து, மறுபக்கம் மினுக்கமாக இருந்தால், கைவரிசை தெரிந்த வேகப்பந்துக்காரர் அதை எதிர்ப்பக்கம் வளைப்பார். 2014 ஜூலையில் தென்னாபிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் அதே காலியில் 54க்கு 5, 45க்கு 4 என்று ஒன்பது விக்கெட் எடுத்து வென்று கொடுத்தார். சுழல் சொர்க்கம் என்று பெயரெடுத்த மைதானத்தில் ஆட்டநாயகன் ஒரு வேகப்பந்துக்காரர்!

சரி, வேகம்தான் மருந்து என்று முடிவுகட்டலாமா? அவசரப்படாதீர்கள். 2016இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அவுஸ்திரேலியா வந்தது. காலியில் மிட்செல் ஸ்டார்க் இரண்டு இனிங்ஸிலும் சேர்த்து 94 ஓட்டங்களுக்கு 11 விக்கெட். பதினொன்று! அப்படியும் அவருடைய அணி 229 ஓட்டங்களால் தோற்றது. ரங்கன ஹேரத் ஹட்ரிக் எடுத்தார், அவுஸ்திரேலியா 106க்கும் 183க்கும் சுருண்டது, மச் மூன்று நாள்கூட நிற்கவில்லை. அதற்கு முதல் பல்லேகலவில் இடதுகைச் சுழல்காரர் ஸ்டீவ் ஓகீஃப்புக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக ஜோன் ஹொலண்டை அவசர அவசரமாக விமானத்தில் கூப்பிட்டார்கள். தொடர் 3-0. ஹேரத்துக்கு மட்டும் 28 விக்கெட்.

ஸ்டார்க் போன்ற ஒருவரை அணியில் வைப்பதில் இன்னொரு இரகசியம் இருக்கிறது, தெரியுமா? இடதுகை வேகப்பந்துக்காரர் பந்தை விட்டபிறகு ஓடி இறங்கும் வழியில் அவருடைய சப்பாத்து முள் நிலத்தைக் கிண்டும். மறுமுனையிலிருந்து ஓஃப் ஸ்பின் போடும் நேதன் லயனுக்கு அந்தக் கிண்டல் சரியாக வலதுகை ஆட்டக்காரரின் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே அமையும். ஸ்டார்க் விக்கெட் எடுக்காத நேரத்திலும் லயனுக்காக உழுதுகொண்டே இருக்கிறார்! என்னைக் கேட்டால், ஆட்ட விவரப் பட்டியலில் ஒருபோதும் ஏறாத இந்த வேலைக்கே ஓர் இடம் கொடுக்கலாம்.

2022க்கு வாருங்கள், அது இன்னும் விசித்திரம். சோளகக் காலம். ஜூன் 30 காலை காலியில் அடித்த மழைக்காற்றில் பார்வையாளர் கூரை ஒன்றே சரிந்துபோனது. ஸ்டார்க், பட் கமின்ஸ், லயன், மிட்செல் ஸ்வெப்சன் என்று அவுஸ்திரேலியா தேடித் தேடித் தெரிந்த நால்வர் இருக்க, இரண்டாவது இனிங்ஸில் கணக்கிலேயே இல்லாத டிரவிஸ் ஹெட் 17 பந்து போட்டு 10 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தார். அவர் துடுப்பாட்டக்காரர்! பத்து விக்கெட்டால் வெற்றி. வென்ற அணியை மாற்றுவார்களா? அதே பதினொரு பேரை அடுத்த டெஸ்டுக்கும் இறக்கினார்கள். இலங்கை அணியிலோ கொரோனா புகுந்து ஆட்களைச் சாய்த்திருந்தது. அந்த இடைவெளியில் 30 வயதில் முதல் டெஸ்ட் ஆட வந்தார் பிரபாத் ஜயசூரிய. 118க்கு 6, 59க்கு 6. அறிமுக மச்சில் 12 விக்கெட்! தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காமல் 206. அவுஸ்திரேலியாவுக்கு இனிங்ஸ் தோல்வி. மைதானம் அதேதான், இடையில் ஒரு கிழமை தள்ளியதுதான் வித்தியாசம்.

2025 ஜனவரியில் அவர்கள் பாடம் படித்தவர்களாக வந்தார்கள். வேகத்துக்கென்று ஸ்டார்க் ஒருவர் மட்டும். சுழலுக்கு லயன், டொட் மேர்ஃபி, மத்யூ குனமன் என்று மூன்று பேர். மூன்றாமவரைக் கவனியுங்கள். டெஸ்டுக்கு இரண்டு கிழமைக்கு உள்ளே அவருடைய வலது பெருவிரல் முறிந்திருந்தது! ஆனால் பந்து போடுவது இடதுகையால். சத்திரசிகிச்சை முடித்து, கட்டோடு வந்து, முதல் டெஸ்டில் 9 விக்கெட், இரண்டு டெஸ்டிலும் சேர்த்து 16. முறிந்த விரல்காரருக்கு ஓர் இடத்தை எழுதி வைத்திருந்த தெரிவுக்குழுவின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

ஓரிரண்டு அதிசயத்தை ஓடி ஓடிச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் பல்லேகலவில் இங்கிலாந்தும் இலங்கையும் ஆடிய டெஸ்டில் விழுந்த 40 விக்கெட்டில் 38 சுழலுக்கு. அதே ஆண்டு கொழும்பு எஸ்.எஸ்.சி.யில் தென்னாபிரிக்காவின் கேஷவ் மகராஜ் ஒரே இனிங்ஸில் 129க்கு 9 எடுத்தார், அணியோ தோற்றது. 2024 செப்டம்பரில் காலியில் நியூசிலாந்து ஆடிய டெஸ்ட் ஆறு நாள் நீண்டது. இடையில் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் என்று ஒரு நாள் ஓய்வு! வேகப்பந்துக்காரர்கள் வாக்குப்பெட்டிக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்தது தமிழர் கழகம் ஒன்றின் மைதானத்தில் என்று தெரியுமா? 1982 பெப்ரவரி 17, கொழும்பு பி. சரவணமுத்து மைதானம், தமிழ் யூனியன் கழகத்தின் வீடு. பெயருக்குரிய பாக்கியசோதி சரவணமுத்து அரச சேவை அதிகாரி, இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். இங்கிலாந்து அன்று பொப் வில்லிஸ், இயன் பொத்தம், போல் அலட் என்ற வேகத்தோடு இரண்டு சுழலை வைத்தது. ஒருவர் இடதுகை டெரெக் அண்டர்வூட், மற்றவர் ஓஃப் ஸ்பின்னர் ஜோன் எம்புரி. ஒருவரின் பந்து வெளியே போகும், மற்றவரின் பந்து உள்ளே வரும். முதல் இனிங்ஸில் அண்டர்வூட் 28க்கு 5. இரண்டாவதில் இலங்கை 3 விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 175க்கு எல்லாரும் வெளியே! எட்டு ஓட்டத்துக்குள் ஏழு விக்கெட். எம்புரி 33க்கு 6.

அதே மைதானத்தில் 1948இல் டொன் பிரட்மனின் அணி இங்கிலாந்துக்குப் போகிற வழியில் இறங்கி ஒரு மச் ஆடியது. எதிரே இலங்கைத் தலைவராக நின்றவர் மகாதேவன் சதாசிவம். பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும்கூடத் தலைமை தாங்கிய தமிழர்! பிறகு ஆடுகளத்தை அளந்து பார்த்தால், 22 யார் இருக்கவேண்டியது 20 யார்தான். இரண்டு யார் குறைந்தால் எந்தப் பந்துவீச்சு வரிசையும் திட்டப்படி விழாது. தெரிவுக்குழுக்காரர் பையில் ஓர் அளவு நாடா வைத்திருப்பது நல்லது.

இப்போது கதையைத் திருப்புவோம். சுற்றுலா அணி இலங்கை, மைதானம் இலண்டன் ஓவல், 1998 ஓகஸ்ட். தொடர் என்று இல்லை, ஒரேயொரு டெஸ்ட்தான் கொடுத்திருந்தார்கள். நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, துடுப்பாட வசதியான ஆடுகளத்தில் இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். பைத்தியமா என்று பலர் முணுமுணுத்தார்கள். காரணம் முத்தையா முரளிதரன்! இலங்கை முதலில் ஆடி, இங்கிலாந்து தொடர்ந்து ஆட நேர்ந்தால், முரளி இரண்டு இனிங்ஸும் அடுத்தடுத்துப் போடவேண்டி வரலாம், தோள் தாங்காது. இடையில் அவருக்கு ஓய்வு வேண்டும். ஒரு மனிதனின் களைப்பைக் கணக்குப் போட்டு நாணயச் சுழற்சி முடிவு!

முதல் இனிங்ஸில் முரளி 59.3 ஓவர், 155க்கு 7. இங்கிலாந்து 445. பிறகு சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152, இலங்கை 591. முரளி காலை நீட்டிக்கொண்டு பார்த்திருப்பார். திரும்ப வந்து 54.2 ஓவர், 65க்கு 9. பத்தாவதும் அவருக்கே கிடைத்திருக்கும், ஆனால் அலெக் ஸ்டூவர்ட் ஓடி ஆட்டமிழந்துவிட்டார். மொத்தம் 683 பந்து, 16 விக்கெட், பத்து விக்கெட் வெற்றி. அணியில் வேறு பந்துவீச்சாளர்களும் இருந்தார்கள்தான். ஆனால் ரணதுங்க தெரிந்தது ஒரு முனைக்கு முரளியை, மறுமுனைக்கு முரளியை மூச்சுவாங்கவிடும் ஆட்களை. சுற்றுலா அணி ஒன்றின் பந்துவீச்சுத் தெரிவில் இதைவிடத் துணிந்த முடிவு எனக்குத் தெரியவில்லை.

நம் குடாநாட்டில் இதெல்லாம் புதுக்கதையா? யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் 1904இல் தொடங்கியது. மச்சுக்கு ஒரு கிழமை முதலே "அந்தப் பொடியனைப் புதுப்பந்துக்கு விடாதேங்கோ" என்று பழைய மாணவர்கள் பயிற்சியாளரை வழிமறித்துச் சொல்லும் ஊர் இது! அந்த மத்திய கல்லூரியில் வளர்ந்த லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் எடுத்த முதல் விக்கெட் யாருடையது, தெரியுமா? அஞ்சலோ மத்யூஸ்! 2024இல் காயப்பட்ட வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு ஐ.பி.எல்.லின் ஹைதராபாத் அணி அவரைத்தான் அழைத்தது.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவு, சுற்றிவரக் கடல், காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. அங்கே ஒரு டெஸ்ட் வந்தால், வருகிற தலைவர் ஆடுகளத்தைப் பார்க்குமுன் மாதத்தைப் பார்க்கவேண்டும். ஜூலை என்றால் சோளகம் தென்மேற்கிலிருந்து தள்ளும். தை மாதம் என்றால் வாடை. பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறவர்களிடம் கேட்டால் எந்த நேரம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று வானிலை நிலையத்தை முந்திச் சொல்லுவார்கள். காற்றோடு ஓடிவர ஒரு வேகக்காரர், காற்றை எதிர்த்து மணிக்கணக்காகப் போட ஒரு சுழல்காரர். எதிர்க்காற்றில் மிதக்கவிட்ட பந்து சட்டென்று விழும், அதை நிதானிக்க நல்ல நல்ல ஆட்டக்காரரே தடுமாறுவார்.

என் தாளில் எழுதவா? வேகத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் இடதுகை, உழவு வேலைக்கு. ஓஃப் ஸ்பின்னர் ஒருவர், இடதுகைச் சுழல்காரர் ஒருவர். ஐந்தாவதாகத் துடுப்பாட்டக்காரர்களுக்குள் ஒரு டிரவிஸ் ஹெட். லெக் ஸ்பின்னரை வெளியே வைக்கிறேன். மத்திய கல்லூரிக்காரர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.