உறைந்த ஏரியின் மேல் தூண்டில்

ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. தை, மாசி மாதங்களில் உறைந்த ஏரியின் மேல் சிறு குடில்கள் முளைத்து ஒரு கிராமமே தோன்றிவிடும். துறப்பணத்தால் பனிக்கட்டியைத் துளைத்து, துவாரத்தினூடே தூண்டிலை இறக்கி, பேர்ச், வைற்பிஷ் முதலிய மீன்களைப் பிடிக்கிறார்கள். குளிர்காலமென்றால் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நம்மவரையும் இங்கு பிறந்த பிள்ளைகள் அங்கே இழுத்துச் செல்கின்றனர். போகவேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், கடலை அறிந்த நமது சமூகத்துக்கு உறைந்த நீரைப் பற்றிய பரம்பரை அறிவு கிடையாது. முன்னே நாலு பேர் நிற்கிறார்கள், நாமும் போகலாம் என்ற கணக்கையே நம்புகிறோம். அது பிழையான கணக்கு.

நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெற்றுக் கீழே இறங்கும். அதனிலும் குளிர்ந்த நீர் மேலே தங்கும். ஆகவே ஏரி மேலிருந்து கீழ்நோக்கியே உறைகிறது. எனினும் எங்கும் ஒரே சீராக உறைவதில்லை. ஆறு வந்து கலக்கும் இடம், நீரோட்டமுள்ள ஒடுங்கிய பகுதி, அடியில் ஊற்றுள்ள இடம், படகுத்துறைத் தூண்களின் அயல் ஆகியவற்றில் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கும். மேலே படிந்த வெண்பனி போர்வைபோல் குளிரைத் தடுத்து உறைதலைத் தாமதப்படுத்தும். பத்தடி தள்ளி நிற்பவரின் காலடிப் பலம் உங்கள் காலடியில் இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை.

நிறத்தையும் பார்க்கவேண்டும். நீலம் பாய்ந்த, தெளிந்த பனிக்கட்டியே உறுதியானது. வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியில் காற்றுக் குமிழிகள் இருப்பதால் அதன் பலம் ஏறத்தாழப் பாதிதான். இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். சாம்பல் நிறமெனில் காலே வைக்கக்கூடாது.

தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கனடாச் செஞ்சிலுவைச் சங்கமோ 15 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குலம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளோடு செல்பவர்கள் பெரிய அளவையே கொள்வது புத்தி. அலவாங்கால் முன்னே குத்திப் பார்த்தும், இடையிடையே துளைத்து அளந்தும் நடக்கவேண்டும். ஏரி திடீரென முழங்குவது புதியவரைக் கலங்கடிக்கும். வெப்பநிலை மாற்றத்தால் பனிக்கட்டி விரிந்து சுருங்கும் ஓசையே பெரும்பாலும் அது. ஏரி மௌனமாக இருப்பதாலும் பத்திரமென்று கொள்ளமுடியாது.

தடிப்பு மாத்திரமும் போதாது. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தையொட்டிய ஈரி ஏரியில், பனிக்கட்டியின் வெடிப்பொன்றின் மேல் மரப்பலகைகளைப் பாலமாக இட்டு மீன்பிடிகாரர்கள் அப்பால் சென்றனர். காற்று வீசி வெடிப்பு அகன்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மிதக்கும் பனித்திட்டில் அகப்பட்டு மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். அவர்களில் பலர் அந்த ஏரியில் பழகியவர்கள்.

நீருக்குள் விழுந்தால் என்ன செய்வது? மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர் பற்றி ஆய்வு செய்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் இதனை 1, 10, 1 என வகுத்தார். முதல் 1 நிமிடத்தில் மூச்சுத் திணறலை அடக்கவேண்டும். அடுத்த 10 நிமிடங்கள் வரையே கைகால்கள் சொற்கேட்கும். உடற்சூடு தணிந்து நினைவு தப்ப 1 மணிநேரம்வரை ஆகலாம். அதாவது, அவசரப்பட்டுப் பதறவேண்டியதில்லை. பத்து நிமிடத்தை வீணாக்கவும் கூடாது. மேலங்கியைக் கழற்றாதீர்கள், அதில் தங்கிய காற்று மிதக்க உதவும். வந்த திசைக்கே திரும்பி, முழங்கைகளைப் பனிக்கட்டியில் ஊன்றி, நீந்துவதுபோல் கால்களை உதைத்து மேலேறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காது உருண்டு விலகுங்கள். மரப்பிடியில் ஆணி பொருத்திய இரு முட்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் வழுக்கும் விளிம்பில் பிடி கிடைக்கும். கரையிலுள்ளவர் ஓடிச்சென்று தாமும் விழாமல், 911ஐ அழைத்துக் கயிற்றை எறியவேண்டும்.

குடிலுக்குள் அடுப்பு மூட்டுவோர் காற்றோட்டத்துக்கு வழிவிடுவது அவசியம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. பங்குனி வெயிலில் பனிக்கட்டி நெடுக்குவாட்டில் மெழுகுதிரிகளை அடுக்கியதுபோல் பிரிந்து நிற்கும். அப்போது ஓரடித் தடிப்பிருந்தாலும் ஆளைத் தாங்குமென்று நம்பமுடியாது.