செவி வழியே கண்ட ஆட்டம்



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவனுக்குக் கிரிக்கெட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். ஆட்டத்தைப் பற்றி எழுத வல்லுநர் பலர் உளர். நான் எழுதப் புகுந்தது ஆட்டத்தைக் கேட்டதைப் பற்றி. வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்து, கண்ணால் காணாத ஒரு மைதானத்தை மனத்தில் விரித்துக் கொண்டு, நமக்கு விருப்பமான அணிக்காக நெஞ்சம் படபடக்கக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. அதனை இன்றைய பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் கடமை பெற்றோராகிய உங்களுக்கும் ஆசிரியராகிய எங்களுக்கும் இருக்கிறது.

உழைப்பவரின் துணைவன்

நான் வாழும் கீழப்பாவூரிலும் பாவூர்ச்சத்திரம், தென்காசி வட்டாரத்திலும் பீடி சுற்றும் தொழில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். மடியில் தட்டை வைத்துக் கொண்டு, இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூல் கட்டும் தாய்மார்களின் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு கிடையாது. செவி ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அந்தச் செவிக்கு உணவளித்தது வானொலி. தையற்கடை, தேநீர்க்கடை, மளிகைக்கடை, வயற்காட்டுப் பம்பு செட்டு என உழைப்பு நடந்த இடமெல்லாம் வானொலியும் இருந்தது.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய காலமும் இருந்தது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தோன்றிய பிறகு நம் பகுதிக்கென ஒரு குரல் கிடைத்தது. அதற்கு முன்பும் பின்பும் இலங்கை வானொலி நம் வீடுகளில் தெளிவாகவே ஒலித்தது. உப்பு நீர் நல்ல மின்கடத்தி. ஆகவே நிலத்தின் மீது விரைவில் வலுவிழக்கும் மத்திய அலை, கடலின் மீது நெடுந்தூரம் செல்லும். கதிரவன் மறைந்ததும் வானின் உயரத்திலுள்ள மின்னணுப் படலங்களில் மாற்றம் நிகழ்வதால் தொலைதூர நிலையங்களும் இரவில் காதுக்கு எட்டும். காரணம் தெரியாவிட்டாலும் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் குறையும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

வர்ணனை பிறந்த கதை

விளையாட்டு வர்ணனைக்கு நூறு ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. 1921 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹெரால்ட் ஆர்லின் என்பவர் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை வானொலியில் வர்ணித்தார். அந்த ஆட்டத்தில் வானொலி வர்ணனை அன்றுதான் தொடங்கியது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கிரிக்கெட்டும் வானொலி ஏறியது.

நம் நாட்டில் 1934-இல் பம்பாயில் தல்யார்கான் முதன்முதலில் கிரிக்கெட்டை வர்ணித்தார். அன்று மோதிய அணிகள் எவை தெரியுமா? ஒன்று பார்சிகளின் அணி. மற்றொன்று முஸ்லிம்களின் அணி! ஆம், ஐரோப்பியர், இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் எனச் சமயத்தின் பெயராலேயே அன்று அணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. இந்தப் பிரிவினை விளையாட்டுக்குத் தகாது என்று 1940-இல் காந்தியடிகள் எதிர்ப்புத் தெரிவித்தார். 1946-உடன் அந்தப் போட்டியே முடிவுக்கு வந்தது. பிறப்பால் அணியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை இந்நாடு அன்றே கைவிட்டுவிட்டது. இதனைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தமிழில் கேட்ட குரல்

ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்து கொண்டிருந்த வர்ணனை தமிழிலும் வரத் தொடங்கியபோது, ஆட்டம் படித்தவரின் வரவேற்பறையை விட்டு எல்லோருடைய திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. அந்தத் தமிழ்க் குரல்களில் முதன்மையானது சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் குரல். நமது தென்பாண்டிச் சீமையைச் சேர்ந்த அப்பெருமகனார், வானொலி நாடகத்தில் பண்பட்ட குரலைக் கிரிக்கெட்டுக்கு வழங்கினார். 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவரை நேரில் ஒருமுறையும் கண்டிராத எத்தனையோ பேர் உற்ற உறவினரை இழந்தவர்போல் வருந்தினர். அல்லாஹ் அவருக்கு மேலான பதவியை அருள்வானாக!

தமிழ் வர்ணனை எளிய பணியன்று. பந்து வீச்சாளர் ஓடி வருவதற்கும் பந்து மட்டையில் படுவதற்கும் இடையில் இருப்பவை சில நொடிகளே. அதற்குள் வீசுபவர் யார், எந்த முனையிலிருந்து வீசுகிறார், பந்து எங்கே விழுந்தது, எத்திசையில் அடிக்கப்பட்டது, தடுக்க ஓடுபவர் யார், எத்தனை ஓட்டம் என்பன அனைத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்தால் பாமரருக்குப் புரியாது. முழுவதும் தூய தமிழாக்கினால் நாக்குக்கு நேரம் போதாது. ‘விக்கெட்’டை அப்படியே விட்டு, ‘ரன்’னை ‘ஓட்டம்’ ஆக்கி, ‘பவுண்டரி’யை ‘எல்லைக்கோடு’ ஆக்கி, மொழி தன் வழியைத் தானே கண்டுகொண்டது.

சாட்சியின் கடமை

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். தொலைக்காட்சி வர்ணனையாளர் பிழைபடச் சொன்னால் நம் கண்ணே அவரைத் திருத்திவிடும். வானொலி வர்ணனையாளரின் நிலை வேறு. கேட்பவருக்கு அவரைத் தவிர வேறு கண் இல்லை. தம் அணி தோற்கும்போது மறைக்கவும், எதிரணி சிறக்கும்போது குறைக்கவும் அவரால் முடியும். ஆயினும் நல்ல வர்ணனையாளர் அவ்வாறு செய்வதில்லை. அவர் ஒரு சாட்சி. கேட்பவரின் நம்பிக்கை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

1983 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில், 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றது இந்தியா. கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் குவித்தார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவருக்குத் துணை நின்று 126 ஓட்டங்கள் சேர்க்க உதவியவர் சென்னையில் பிறந்த சையது கிர்மானி. பி.பி.சி. ஊழியர் வேலைநிறுத்தத்தால் அந்த ஆட்டத்துக்கு ஒளிப்பதிவே கிடையாது. நேரில் கண்டவர்கள் நேர்மையாக எடுத்துச் சொன்னதால்தான் அந்த வீரம் இன்றும் வாழ்கிறது.

1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததும் அத்தகையதே. வெற்றிக்குத் தேவை 348. இந்தியா 347-ஐத் தொட்டு ஆஸ்திரேலியாவைச் சமன் செய்து நிற்கிறது. மீதமிருப்பது ஒரே விக்கெட். மாத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழக்க, மறுமுனையில் 48 ஓட்டங்களுடன் செய்வதறியாது நின்றார் ரவி சாஸ்திரி. டெஸ்ட் வரலாற்றில் வெற்றியும் தோல்வியும் இன்றி ஓட்டங்கள் சமனாகி முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. இத்தகைய நொடியில் வர்ணிப்பவர் தம் விருப்பத்தைச் சொல்வதில்லை, நிகழ்ந்ததைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு நாமும் அந்த நேர்மைக்குப் பழகினோம். நம் அணி மீது அன்பு. எதிரணியின் திறமைக்கு மரியாதை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்று கற்றோம்.

சேப்பாக்கம் சொன்ன தீர்ப்பு

அந்தப் பாடத்துக்குத் தேர்வு வந்தது 1999-இல். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் டெஸ்ட் ஆட வந்த பாகிஸ்தான் அணியை எதிர்த்து டில்லி மைதானத்தின் ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்தனர். முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் அரண்மனைக்கு அண்டையில் உள்ள அதே சேப்பாக்கம்.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவின் இலக்கு 271. முதுகு வலியைப் பொறுத்துக் கொண்டு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது தேவை 17 ஓட்டங்களே. கையில் 3 விக்கெட்டுகள். அவையும் 4 ஓட்டங்களுக்குள் சரிந்தன. 258-இல் இந்தியா சுருண்டது. பாகிஸ்தானுக்கு 12 ஓட்ட வெற்றி. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார்.

துயரத்தில் ஒரு கணம் உறைந்த கூட்டம் எழுந்து நின்றது, கை தட்டியது. வசீம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தை ஏற்றது. கை தட்டியவர்கள் தம் அணியை நேசிக்காதவர்களா? நேசித்தவர்கள்தாம். ஆயினும் தகுதியுள்ளவனுக்கு உரியதைக் கொடுத்தார்கள். தமிழகத்தின் பண்பாட்டுக்கு இதனினும் சிறந்த சான்று எது?

மாணவன் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விட்டு மாலையில் ஓத வரும் மாணவன் ஒருவன் முகம் வாடி அமர்ந்திருந்தான். முந்தைய நாள் பாகிஸ்தான் அணியை இந்தியா வென்றிருந்தது.

“உஸ்தாத், நேத்து நம்ம டீம் ஜெயிச்சதுக்கு நானும்தான் கத்தினேன். ‘உங்க ஆளுங்க தோத்துட்டாங்களேடா’ன்னு கேக்குறாங்க. என் ஆளுங்க யாரு உஸ்தாத்?”

கேட்ட தோழன் வேடிக்கையாகவே கேட்டிருக்கலாம். ஆனால் பிஞ்சு நெஞ்சில் அந்தச் சொல் முள்ளாய்த் தைத்திருந்தது. அவனிடம் சேப்பாக்கத்தின் கதையைச் சொன்னேன். “அன்னைக்கு இந்திய அணிக்குத் தலைவர் யாரு தெரியுமா தம்பி? முகம்மது அசாருத்தீன். அன்னைக்குப் பாகிஸ்தான் அணியில் ஆடின யூசுஃப் யொஹானா ஒரு கிறிஸ்தவர். இப்போ சொல்லு, யாரு ஆளு யாரு?” பையன் சிரித்துவிட்டான்.

பெற்றோர்களே! இந்தக் கேள்வி உங்கள் வீட்டுப் பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கக்கூடும். கோபம் கொள்ளவும் வேண்டாம். குறுகிப் போகவும் வேண்டாம். நம் அணியை நாம் நேசிப்பதற்கு எவரிடமும் நற்சான்றிதழ் பெற வேண்டியதில்லை. மாற்றாரின் திறமையைப் பாராட்டுவதற்கும் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. சேப்பாக்கத்தில் கை தட்டியவர்களின் சமயத்தை எவரும் கணக்கெடுக்கவில்லை.

வான் அலை யாருடையது?

இன்று தமிழ் வர்ணனைக்குக் குறைவில்லை. 2017-இல் விளையாட்டுக்கெனத் தனித் தமிழ்த் தொலைக்காட்சி அலைவரிசையே தோன்றியது. கைப்பேசியிலும் ஆட்டம் ஓடுகிறது. ஆனால் இரண்டும் கண்ணைக் கேட்கின்றன, கட்டணத்தையும் கேட்கின்றன. வானொலியில் தமிழ் வர்ணனை அரிதாகிவிட்டது. பீடித் தட்டுடன் அமர்ந்திருக்கும் தாய்க்கும், தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கும், பார்வையற்ற நம் சகோதரர்களுக்கும் யார் ஆட்டத்தைச் சொல்வது? உள்ளே சிறு குண்டுகள் உருளும் பந்தை ஒலியால் கணித்து ஆடும் பார்வையற்றோர் கிரிக்கெட்டில் 2012-இல் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. அவ்வீரர்களைப் போன்றோருக்குச் செவிதானே மைதானம்!

வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்ததே 1993-ஆம் ஆண்டின் ஒரு கிரிக்கெட் போட்டியை ஒளிபரப்பும் உரிமை குறித்துத்தான். தேச முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் நேரடி ஒளி, ஒலியைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டமும் வந்தது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அது தமிழில் நம் காதுக்கு வந்து சேர வேண்டும். சேப்பாக்கத்தில் நடக்கும் ஆட்டங்களையேனும் தமிழக வானொலி நிலையங்கள் தமிழில் வர்ணிக்க வேண்டும் என்று வாசகர்கள் ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதினால் என்ன? செலவு சில காசுகள். கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானால், அது நமக்கும் நாட்டுக்கும் கிடைக்கும் பெரும் இலாபமன்றோ!