ஜின்ஜிபெயின்

ஜின்ஜிபெயின் என்பது போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா உருவாக்கும் புரதச்சிதைப்பு நொதிகளின் குடும்பம் ஆகும். நாட்பட்ட ஈறுநோயில் பல்லைத் தாங்கும் திசுக்கள் அழிவதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஈற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

இப்பாக்டீரியா ஆக்சிசன் இல்லாத சூழலில், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமாகும் பள்ளத்தில் வளர்கிறது. சர்க்கரையைக் கொண்டு வாழாமல், புரதத் துண்டுகளையே உணவாகக் கொள்கிறது. புரதத்தை வெட்டித் தருபவை இந்நொதிகளே.

வகைகளும் கட்டமைப்பும்

ஆர்ஜிபிஏ, ஆர்ஜிபிபி, கேஜிபி என இவை மூன்று வகைப்படும். முதல் இரண்டும் புரதச் சங்கிலியை அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டும். கேஜிபி லைசினை அடுத்து வெட்டும்.

மூன்றின் செயல் மையத்திலும் ஒரு சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் உள்ளன. சிஸ்டீனின் கந்தக அணு புரதப் பிணைப்பைத் தாக்க, ஹிஸ்டிடின் அதற்குத் துணைபுரிகிறது. ஆர்ஜிபிபியின் படிக அமைப்பு 1999-இல் வெளியானது. அதன் மடிப்பு, மனித உயிரணுக்களின் திட்டமிட்ட இறப்பை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளை ஒத்திருந்தது. ஆர்ஜிபிஏ, கேஜிபி இரண்டிலும் சிவப்பணுக்களிலும் திசுக்களிலும் ஒட்டிக்கொள்ள உதவும் கூடுதல் பகுதிகள் உண்டு.

செயல்பாடு

* ஈற்றுத் திசுவின் புரதங்களைச் சிதைத்தல்.
* இரத்த உறைவுக்குத் தேவையான ஃபைப்ரினோஜனை வெட்டுதல்.
* ஹீமோகுளோபினைச் சிதைத்து இரும்புள்ள ஹீமைப் பெறுதல். ஆய்வகத்தில் இரத்தம் கலந்த ஊடகத்தில் இதன் குடியிருப்புகள் கருமையாகத் தெரிவது இதனால்தான்.
* நோயெதிர்ப்புக்கான நிரப்புப் புரதங்களையும் எதிர்ப்பொருள்களையும் வெட்டுதல்.

மேலும், இவை பிராடிகைனின் உருவாகத் தூண்டி இரத்த நாளங்களைக் கசியச் செய்கின்றன. அழற்சி கூடக்கூட ஈற்றுப் பள்ளத்தில் புரதம் நிறைந்த திரவம் பெருகுகிறது. கிருமியை ஒழிக்க உடல் மேற்கொள்ளும் அழற்சியே கிருமிக்கு உணவாகிறது. நோய் ஆண்டுக்கணக்கில் நீடிக்க இது ஒரு காரணம்.

மருத்துவ முக்கியத்துவம்

அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில் ஜின்ஜிபெயின்கள் காணப்பட்டதாக 2019-இல் ஓர் ஆய்வு கூறியது. கேஜிபியைத் தடுக்கும் அட்டுசாஜின்ஸ்டாட் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது; 2021-இல் வெளியான முடிவுகளின்படி அது முதன்மை இலக்குகளை எட்டவில்லை. ஈறுநோய் அல்சைமருக்குக் காரணம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

ஈறுநோய்க்கு அடிப்படைச் சிகிச்சை, பற்படலத்தையும் பற்காரையையும் ஈற்றுக்குக் கீழ்வரை நீக்குவதே. இதனால் பள்ளத்தின் ஆழமும் அழற்சியும் குறைய, நொதிகளுக்குக் கிடைக்கும் புரதமும் குறைகிறது. பல் துலக்கும்போது இரத்தம் கசிவது தொடக்க அறிகுறி. வலி இல்லாததால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அழிந்த எலும்பு பெரும்பாலும் தானாக மீள்வதில்லை என்பதால், அந்நிலையிலேயே பல் மருத்துவரை அணுகுவது பல்லைக் காக்கும்.