சிஸ்டர்... இனிமேல் மேடம்!

ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு வயது இருபத்திரண்டாக இருந்தாலும் ஐம்பத்திரண்டாக இருந்தாலும் அவர் ‘சிஸ்டர்’தான். எழுபது வயதுத் தாத்தா கூட, “சிஸ்டர், பாட்டில் முடியப் போவுது” என்பார். ஆண் நர்ஸாக இருந்தால் ‘பிரதர்’. இந்த உறவுமுறையை விட்டுவிட்டு, நர்சிங் காலேஜில் சாக்பீஸ் பிடித்து ‘மேடம்’ ஆவது, மாடியிலிருந்து கீழே இறங்கி வருகிற மாதிரி சுலபமான சமாசாரம் என்று பலபேர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என் அக்காவைச் சந்திக்க வேண்டும்.

அக்கா பதினாலு வருஷம் ஐ.சி.யூ. நர்ஸ். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவளுடைய முதல் சம்பளத்தில்தான் எனக்கு பி.காம். ஃபீஸ் கட்டினாள். அதனால், 2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக வந்து, “எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்து டீச்சிங்குக்குப் போகலாம்னு இருக்கேன். குடும்பம் தாங்குமான்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா. கணக்குப் படிச்சவன்தானே நீ?” என்று கேட்டபோது மறுக்க முடியவில்லை. படிக்க வைத்தவளே ஆடிட் கேட்கிறாள்!

போட்டேன். பற்றுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. எம்.எஸ்சி. இரண்டு வருஷம், முழுநேரப் படிப்பு. அந்த இரண்டு வருஷச் சம்பளம் போச்சு. மேலே ஃபீஸ். முடித்துவிட்டு வந்தாலும், தனியார் காலேஜில் ஆரம்பச் சம்பளம் சீனியர் ஐ.சி.யூ. நர்ஸ் சம்பளத்தைத் தொடும் என்று உத்தரவாதம் கிடையாது. வரவுப் பக்கத்தில் ராத்திரித் தூக்கம், ஞாயிற்றுக்கிழமை, பையனின் ஸ்கூல் ஆண்டு விழா. அப்புறம், ஆளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன இடுப்பு. மெஷினுக்கு டெப்ரிஸியேஷன் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் இடுப்புக்கு எத்தனை பர்சென்ட் போடுவது?

“நஷ்டம்தான் வருது” என்றேன்.

“தெரியும். எவ்வளவுன்னுதான் கேட்டேன்” என்றாள்.

அப்படியென்ன அவசரம்? காரணத்தை அவளே சொன்னாள். 2021, கொரோனா இரண்டாவது அலை. புதிதாகப் பாஸ் பண்ணி வந்த பெண்களை நேராக ஐ.சி.யூ.வில் நிறுத்திவிட்டார்கள். ஒரு நோயாளிக்கு 500 மில்லி டிரிப், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். பம்ப் எல்லாம் மற்ற கட்டில்களில். கையால்தான் சொட்டு எண்ண வேண்டும். சாதாரண செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500 பெருக்கல் 20, வகுத்தல் 240 நிமிஷம். நிமிஷத்துக்கு 42 சொட்டு. அந்தப் பெண் சரியாகக் கணக்குப் போட்டு, சரியாக 42 வைத்திருக்கிறாள். ஆனால், மாட்டியிருந்தது மைக்ரோ செட். அதில் மில்லிக்கு 60 சொட்டு! நாலு மணி நேரத்தில் போக வேண்டிய மருந்து பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அக்கா அந்தப் பக்கமாகப் போனதால் கண்ணில் பட்டது.

“திட்டலாம்னு திரும்பினேன். அவ கை நடுங்கிட்டிருந்தது. காலேஜ்ல இவகிட்ட ரெண்டு செட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டியிருந்தா, இப்படி நடந்திருக்காதுன்னு தோணுச்சு. நான் ஒரு வார்டுல நின்னா பத்து கட்டிலைப் பார்த்துப்பேன். கிளாஸ்ல அறுபது பேருக்குச் சொன்னா...?” என்று நிறுத்திவிட்டாள். இதை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வேலையை விடுகிறாள் என்று தெரிந்ததும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வாரம் பேசவில்லையாம். “அனுபவப்பட்டவங்க எல்லாம் காலேஜுக்குப் போயிட்டா, கட்டில் பக்கத்துல யாரும்மா நிப்பாங்க?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாமல் அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விதிமுறை. (ஆபீஸில் சர்க்குலர் படித்துப் பழகியவர்கள்தானே நீங்கள்!) பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். டிப்ளமோ படித்தவர்கள் போஸ்ட் பேஸிக் பி.எஸ்சி. 2 வருஷம் படித்து அந்த இடத்துக்கு வரலாம். எம்.எஸ்சி. சேர டிகிரியில் 55 சதவிகித மார்க்கும் ஒரு வருஷ அனுபவமும் வேண்டும். மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து பிரிவு. வெறும் பி.எஸ்சி.யோடும் டியூட்டர் ஆகலாம். ஆனால் அதற்கு மேல் ஏற எம்.எஸ்சி. தேவை. இதெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சில் போட்ட கணக்கு. 1947 சட்டப்படி வந்த அந்தக் கவுன்சிலின் இடத்தில் புதிய கமிஷன் அமைக்க 2023-ல் பார்லிமென்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஆகவே, சேருவதற்கு முன் அன்றைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நர்ஸுக்கு நர்ஸே சொல்லிக் கொடுப்பது புதுப்பழக்கமும் இல்லை. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி 1860-லேயே வந்துவிட்டது. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் 1946-ல் டிகிரி வகுப்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, அக்கா படித்தாள். இருபத்து நாலு வயசுப் பெண்களுக்கு நடுவில் முப்பத்தைந்து வயசு மாணவி. 2024-ல் பாஸ் பண்ணி ஒரு காலேஜில் சேர்ந்தாள். முதல் வகுப்பு: அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐம்பது நிமிஷப் பாடம். பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்! மீதி முப்பத்திரண்டு நிமிஷம் அறுபது பெண்கள் அவளைப் பார்க்க, அவள் கடிகாரத்தைப் பார்க்க... கடைசியில் ஒரு பெண் எழுந்து, “பேஷன்ட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சிடும்னு சொன்னீங்களே, எப்படித் தெரியும் மேடம்?” என்று கேட்டாளாம்.

அன்றைக்கு ராத்திரி போனில், “பதினாலு வருஷமா எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கே தெரியலைடா!” என்று அழாத குறை.

அமெரிக்காவில் பாட்ரீஷியா பென்னர் என்ற நர்ஸ் பேராசிரியை 1984-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நர்ஸின் திறமை ஐந்து படிகளில் ஏறுகிறது. முதல் படியில் இருப்பவர் விதியைப் பார்த்து வேலை செய்வார், ஐந்தாம் படியில் இருப்பவருக்கு விதி தேவைப்படாது, நிலைமையைப் பார்த்ததும் கை தானாகப் போகும் என்கிறார். அக்காவின் சிக்கல் இதுதான். நர்ஸாக ஐந்தாம் படி, டீச்சராக முதல் படி. கையில் இருக்கிற வித்தையை வாய்க்குக் கொண்டுவர வேண்டும். ஆறு மாசம் எடுத்தது. தோல் சில்லென்றிருக்கிறதா, நாடி எவ்வளவு வேகம், மூத்திரம் குறைகிறதா, பேச்சு குழறுகிறதா என்று தன் பார்வையைத் தானே துண்டு துண்டாக வெட்டி நோட்டில் எழுதினாள்.

பரீட்சையும் வேறு மாதிரி. 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹார்டன் என்ற பேராசிரியர் அறிமுகப்படுத்திய ‘ஆஸ்கி’ முறை. மேஜை மேஜையாக ஒரு வேலை, குறிப்பிட்ட நிமிஷம், பட்டியல் வைத்து மார்க். அக்காவின் மேஜையில் என்ன இருக்கும் தெரியுமா? இரண்டு டிரிப் செட். ஒன்று 20 சொட்டு, ஒன்று 60.

இன்சார்ஜ் சிஸ்டரின் கேள்விக்கும் ஒரு மாதிரி பதில் கிடைத்தது. நர்சிங் டீச்சர் வகுப்போடு நிற்பதில்லை; மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கும் போக வேண்டும். பத்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. கட்டில் பக்கத்தில் அக்கா இப்போதும் நிற்கிறாள், அரை அடி பின்னால் தள்ளி. அந்த அரை அடிதான் கஷ்டம் என்கிறாள். மாணவி தடுமாறும்போது ஊசியை வாங்கித் தானே போட்டுவிடத் துடிக்கிற கையை அடக்க வேண்டும்!

மனைவியோ தங்கையோ நர்ஸாக இருக்கும் வாலிபர்களுக்கு இரண்டு வார்த்தை. “நைட் டூட்டி பார்க்கிற பொண்ணு வேணாம், காலேஜ்ல வேலை பார்த்தா ஓ.கே.” என்று சொல்லும் மாப்பிள்ளை வீடுகள் உண்டு. அதற்காகவே மாறுகிறவர்களும் உண்டு. சொல்லிக்கொடுக்கிற ஆசை இல்லாமல் போனால் அங்கேயும் தூக்கம் வராது என்பது அக்காவின் எச்சரிக்கை. இன்னொன்று, வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பூட்டி வைக்கிற காலேஜ்கள் இருக்கின்றன. அக்காவிடமும் ஒரு இடத்தில் கேட்டார்கள். காட்டினாள், கொடுக்கவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

இன்றைய நிலவரம்: பழைய சம்பளத்தைவிட மாசம் நாலாயிரம் குறைவு. என் நோட்டில் பற்றுப் பக்கம்தான் இன்னும் கனமாக இருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறாள் என்பது மட்டும் உபரித் தகவல்.

வீட்டில்தான் ஒரு சின்னத் தொல்லை. சாம்பாரில் உப்பு ஏன் கூடியது என்று விளக்கினால் கூட, முடிவில் ‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்கிறாள். மாமா இதுவரை கையைத் தூக்கியதில்லை!